சட்டியில் மிஞ்சும் சத்து: மலிவான காய்கறிச் சமையல் பழகுவோருக்கு

காய்கறியின் விலைக்கும் அதிலுள்ள சத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. சந்தையில் கூறு கட்டி விற்கும் பறங்கிக்காயும், கட்டுக் கணக்கில் கிடைக்கும் அரைக்கீரையும், குளிரூட்டிய கடையில் பளபளக்கும் உறைக்குள் இருக்கும் ப்ரோக்கோலிக்குச் சத்தில் இளைத்தவை இல்லை. ஆனால் வாங்கிய காயில் இருக்கும் சத்து முழுவதும் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. நறுக்கிய பின் அலசும் தண்ணீரில் கொஞ்சம், வேகவைத்து வடிக்கும் நீரில் கொஞ்சம், தேவைக்கு மேல் அடுப்பில் நிற்கும் நேரத்தில் கொஞ்சம் என்று வழியிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே குறைந்த செலவில் உடலுக்குத் தெம்பு தரும் சமையலைப் பழக விரும்புபவர், சமையல் குறிப்புகளைத் தேடிச் சேர்ப்பதற்கு முன்னால், தண்ணீர், நேரம், எண்ணெய், புளிப்பு ஆகிய நான்கையும் எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த நான்கும் பிடிபட்டுவிட்டால், மசியல், கூட்டு, பொரியல், துவையல் ஆகிய நாலு வகைக்குள் நம் ஊரில் விளையும் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் அடக்கிவிடலாம்.

எவ்வளவு காய்கறி வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் கீரையும் மற்றக் காய்களுமாக 400 கிராம் சாப்பிட வேண்டும். மதியச் சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டி பொரியலை வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் இதில் பாதியைக்கூட எட்ட முடியாது. இந்த நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லலாம்: 1918இல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. தீட்டிய அரிசியையே நம்பியிருக்கும் உணவில் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவதால் வருவது பெரிபெரி. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து மெக்காரிசன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் திடமாக வளர்ந்தன; அரிசி மிகுந்து மற்றவை சுருங்கிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை பின்தங்கின. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

400 கிராம் என்பது மலைக்கவைக்கும் அளவாகத் தோன்றினாலும், சட்டியில் ஏறியவுடன் அது சுருங்கிவிடும். கை கொள்ளாத ஒரு கட்டு அரைக்கீரை வெந்து மசிந்தால் ஒரு கிண்ணம்தான் தேறும். மதியம் ஒரு கூட்டும் ஒரு கீரையும், இரவு ஒரு பொரியலும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும்.

தண்ணீரும் நேரமும்

வைட்டமின் சியும், ஃபோலேட் உள்ளிட்ட பி வகை வைட்டமின்களும் நீரில் கரைபவை. அவற்றில் வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் எளிதில் சிதையக்கூடியது. இந்த ஒரு செய்தியிலிருந்தே சமையலறையின் பாதி விதிகள் பிறக்கின்றன. காயை முழுதாகக் கழுவிய பிறகு நறுக்க வேண்டும், நறுக்கிய பிறகு கழுவக் கூடாது. ஏனென்றால் நறுக்கிய ஒவ்வொரு முகமும் சத்து வெளியேறும் வாசல். பொடிப்பொடியாக நறுக்கினால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான் என்றாலும், நீரில் வேகவைக்கப்போகும் காயை அப்படி நறுக்கினால் கரைந்து போவதும் அதிகமாகும். முந்தின இரவே நறுக்கிக் குளிர்பெட்டியில் வைப்பது, காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்கு வேறு வழியில்லாத ஏற்பாடுதான். அப்படிச் செய்ய நேர்ந்தால், தண்ணீரில் மிதக்கவிடாமல், மூடிய பாத்திரத்தில் உலர்வாக வைத்தால் இழப்பு குறையும்.

வேகவைத்த நீரை வடித்துக் கொட்டுவதுதான் எல்லா இழப்பிலும் பெரியது, அதைத் தவிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் எளியது. காய் வேகத் தேவையான அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் வடிக்கும் தேவையே வராது. அப்படியும் நீர் மிஞ்சிவிட்டால் அதை ரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துவிடலாம்.

இதைக் கீரை மசியலில் நேராகப் பார்க்கலாம். ஒரு கட்டு அரைக்கீரையை வேரை அரிந்து, பழுத்த இலைகளையும் பூச்சி அரித்தவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து அதில் அமுக்கி அலச வேண்டும். அலசியதும் கீரையைக் கையால் மேலே தூக்கி எடுக்க வேண்டும். அப்படியே சல்லடையில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் இலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாத்திரத்தின் அடியில் மண் தெரியாமல் போகும் வரைக்கும், இரண்டு மூன்று தண்ணீர், இதைச் செய்ய வேண்டும். பிறகு இளந்தண்டோடு சேர்த்து நறுக்கிக்கொள்ளலாம். தண்டை எறிவது பணத்தை எறிவது. சட்டியில் அரை டம்ளர் தண்ணீரை முதலில் கொதிக்கவிட்டு, அதில் நாலு பல் பூண்டு, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம் ஆகியவற்றைப் போட்டு, அவை பாதி வெந்ததும் கீரையைச் சேர்க்க வேண்டும். முதலில் சட்டி வழிந்து நிற்கும் கீரை, ஒரே நிமிடத்தில் துவண்டு அடங்கி, தன் நீரையும் விட்டுக்கொண்டு வேகத் தொடங்கும். திறந்தபடியே ஆறேழு நிமிடம் கொதித்தால் போதும். இறக்கி, உப்பிட்டு, மத்தால் கடைந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. உப்பைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வேகாத கீரையின் பருமனைப் பார்த்து உப்புப் போடுகிறவர் எப்போதும் கூடுதலாகவே போட்டுவிடுவார்.

திறந்து வேகவிடச் சொல்வது நிறத்துக்காக. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையம் சூடும் அமிலமும் சேரும்போது பழுப்பு கலந்த மங்கிய நிறமாக மாறிவிடும். இலையிலேயே இருக்கும் மெல்லிய அமிலங்கள் ஆவியோடு வெளியேறுவதற்கு மூடாத சட்டி வழி விடுகிறது, மூடி வைத்தால் அவை மீண்டும் சொட்டிச் சட்டிக்குள்ளேயே விழுகின்றன. உணவகங்களில் சிலர் கீரை பசேலென்று இருப்பதற்காகச் சமையல் சோடாவை ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் நிற்கும், கீரையும் குழைந்துவிடும். ஆனால் காரத்தன்மையில் தயமினும் வைட்டமின் சியும் சிதைந்துவிடுவதால், கண்ணுக்கு அழகாகவும் உடலுக்கு வீணாகவும் ஆன கீரைதான் தட்டுக்கு வரும். வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

செட்டிநாட்டுப் பக்கத்தில் மண்டி என்னும் குழம்பு வைப்பதற்கு அரிசி கழுவிய தண்ணீரைப் பயன்படுத்துவது வழக்கம். முதல் தண்ணீரில் தூசி இருக்கும் என்பதால் அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரை எடுத்துக்கொள்வார்கள். அதில் கரைந்திருக்கும் மாவு குழம்புக்குச் சற்றே கெட்டித்தன்மை தருவதோடு, அரிசியிலிருந்து பிரிந்த பி வைட்டமின்களில் ஒரு பங்கும் சட்டிக்கே திரும்பி வருகிறது. கையில் காசு கரையாத இத்தகைய உத்திகள் நம் சமையலில் நிறையவே உண்டு.

மூடி வேகும் பொரியல், பருப்போடு வேகும் கூட்டு

கீரையைத் திறந்து வேகவிடச் சொன்னதைக் கேட்டவர், பொரியலை மூடச் சொல்லும்போது குழம்பக்கூடும். பொரியலில் நோக்கம் வேறு: தண்ணீரே ஏறக்குறைய ஊற்றாமல், காயின் ஈரத்திலேயே அதை வேகவைப்பது. வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கவிட்டு, உளுத்தம்பருப்பைச் சிவக்கவிட்டு, கறிவேப்பிலையும் மிளகாயும் போட்டு, ஒரே அளவாக நறுக்கிய காயைச் சேர்த்துப் பிரட்ட வேண்டும். ஒரே அளவு என்பது அழகுக்காகச் சொல்லப்படுவதில்லை. பெரிய துண்டு வேகும்வரை காத்திருந்தால் சிறிய துண்டு குழைந்துவிடும் என்பதற்காகத்தான். உப்புச் சேர்த்ததும் காய் நீர் விடத் தொடங்கும். அதன்மேல் கையால் ஒருமுறை தண்ணீர் தெளித்து, மூடி, அடுப்பைத் தணித்துவிட்டால் உள்ளே எழும் ஆவி மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும். பீன்ஸ், கேரட், பீட்ரூட், அவரைக்காய், நூக்கல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கடைசி இரண்டு நிமிடம் மூடியை எடுத்துவிட்டு ஈரத்தை வற்றவிட்டுத் தேங்காய்த் துருவலைத் தூவலாம்.

முட்டைக்கோஸை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநேரம் வெந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உடைந்து, பல வீடுகளில் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடை எழும். மெல்லிசாக நறுக்கி, பலமான தீயில், ஐந்து நிமிடத்துக்குள் இறக்கினால் அந்த வாடையே வராது; கோஸ் சற்று நறுக்கென்று கடிபடும், இனிக்கவும் செய்யும். கொத்தவரங்காய்க்கு நேர் எதிரான மருத்துவம் வேண்டும்: அதன் நாரும் கசப்பும் இலேசில் அடங்காதவை என்பதால், கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் வேகவைத்துக்கொள்வதே நல்லது.

கூட்டுதான் ஏழை வீட்டுச் சமையலின் தலைசிறந்த கண்டுபிடிப்பு என்பேன். சோற்றிலுள்ள புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது ஏராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் சோற்றில் போதிய அளவு இருக்கிறது. இரண்டும் ஒரே நாளின் உணவில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நாலு பேருக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் அரைக் கிலோ சுரைக்காயும் போதும். பாசிப்பருப்பை இலேசாக வறுத்து, கழுவி, மஞ்சள்தூள் சேர்த்து, குழையவிடாமல் மலர வேகவைக்க வேண்டும். அதில் தோல் சீவி நறுக்கிய சுரைக்காயைப் போடும்போது தண்ணீர் மேலும் ஊற்ற வேண்டியிருக்காது. சுரைக்காயின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். காய் வெந்தபின் உப்பும், இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் சேர்த்து அரைத்த விழுதும் கலந்து, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அரைத்த தேங்காயைப் போட்டபிறகு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும்.

இந்த ஒரு கூட்டைக் கற்றுக்கொண்டவர் சுரைக்காய்க்குப் பதிலாகப் புடலங்காய், பீர்க்கங்காய், சௌசௌ, வெள்ளைப் பூசணி, பப்பாளிக்காய், முள்ளங்கி என்று எதை வேண்டுமானாலும் போடலாம். விழுதில் பச்சை மிளகாய்க்குப் பதிலாக வறுத்த மிளகும் உளுத்தம்பருப்பும் வைத்து அரைத்தால் அது பொரித்த கூட்டாகிவிடும்.

கசப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை இந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கசந்தால், எவ்வளவு பெரிய காயாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் சமைத்தாலும் நீங்காத நஞ்சு. கசப்பான சுரைச்சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு, அதற்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. வெள்ளரி, பீர்க்கன், புடலை ஆகியவற்றில் வழக்கமில்லாத கடுங்கசப்புத் தென்பட்டால் அவற்றையும் ஒதுக்கிவிடுவது நல்லது.

எண்ணெய் ஏன் கொஞ்சமாவது வேண்டும்

எண்ணெயே இல்லாமல் சமைப்பது உடலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் பறங்கிக்காய், கேரட், கீரைகள் ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் உடலுக்குள் சென்று வைட்டமின் ஏ ஆக மாறுவதற்கு உணவில் சிறிதளவு கொழுப்பு இருந்தாக வேண்டும். கொழுப்பில் கரைந்துதான் அது குடலில் உறிஞ்சப்படுகிறது. வைட்டமின் சி போலன்றி, கரோட்டின் சூட்டை ஓரளவு தாங்கும். அதுமட்டுமின்றி, வேகவைத்து மசிக்கும்போது தாவரத்தின் செல்சுவர்கள் உடைந்து கரோட்டின் விடுபடுவதால், பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பதைவிட எண்ணெய் விட்டுச் சமைத்த கேரட்டிலிருந்து உடலுக்குச் சேர்வது அதிகம். எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றால்தான் சத்து என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 45 கலோரி இருக்கிறது. நாலு பேர் பொரியலுக்கு இரண்டு தேக்கரண்டியே தாராளம்; கூட்டில் போடும் தேங்காயும் கொழுப்புதான் என்பதால் அதற்குத் தாளிக்க ஒரு தேக்கரண்டி போதும். எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே மாதச் செலவில் வித்தியாசம் தெரியும்.

புளிப்பின் இரண்டு முகங்கள்

புதிதாகச் சாம்பார் வைக்கிறவர்கள் அடிக்கடி முறையிடுவது, எவ்வளவு நேரம் கொதித்தும் காய் வேகவில்லை என்பதுதான். பெரும்பாலும் புளிக்கரைசலை முதலிலேயே ஊற்றியிருப்பார்கள். காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். அமிலம் இருக்கும்போது பெக்டின் எளிதில் கரைவதில்லை. பருப்புக்கும் இதே நிலைதான். ஆகவே காய் முக்கால் பங்கு வெந்தபிறகே புளியோ தக்காளியோ சேர வேண்டும். காலம் தாழ்ந்து வேகும் ஒவ்வொரு நிமிடமும் எரிவாயுவுக்கும் செலவு, வைட்டமினுக்கும் செலவு.

சில காய்களுக்கு மட்டும் புளிப்பே துணை. வெண்டைக்காயின் வழவழப்பு, நீர் பட்டால் விரியும் பசைப்பொருளால் வருவது. கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, மூடாமல், தண்ணீர் தெளிக்காமல் எண்ணெயில் வதக்கி, நூல் இழுப்பது நிற்கும்போது உப்பும் ஒரு கரண்டி புளித்த தயிரோ கொஞ்சம் புளிக்கரைசலோ சேர்த்தால் வழவழப்பு அடங்கிவிடும். உப்பை முதலில் போட்டால் காய் நீர் விட்டு, வாணலி முழுவதும் கூழாகிவிடும். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாவை அரிப்பது, அவற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால்; அவற்றை நன்றாக வேகவைத்துப் புளி சேர்ப்பது அந்த அரிப்பைத் தணிக்கிறது. வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நறுக்கியவுடன் மோர் கலந்த தண்ணீரில் போடச் சொல்வதும் அமிலத்துக்காகத்தான்: காற்றுப் பட்டதும் அவற்றைக் கறுக்கவைக்கும் நொதி, புளிப்பில் செயல் இழக்கிறது. வாழைத்தண்டை வில்லையாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் இடையே நூல் இழுத்துக்கொண்டு வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டுத்தான் பொடியாக நறுக்க வேண்டும். வாழை வைத்திருப்பவர் வீட்டில் இது காசே இல்லாத காய்.

புளிப்புக்கு இன்னொரு பயன் உண்டு, அது இரும்புச் சத்தைச் சார்ந்தது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை, இறைச்சியில் உள்ள இரும்பைப் போல நம் குடல் எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே சென்றால் அந்த ஏற்பு கூடுகிறது. ஆகவே கீரைப் பொரியலை இறக்கிச் சூடு சற்றுத் தணிந்தபின் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிடுவதும், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டு வைத்துக்கொள்வதும் மருந்துக்கடைக்குப் போகாமல் செய்யக்கூடிய காரியங்கள். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடிப்பது இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். அவற்றிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்போடு பிணைந்துகொள்வதால், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. புளி சேர்ந்த குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் வைத்த குழம்பை அதிலேயே விட்டுவிடாமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையேல் நிறமும் சுவையும் கெட்டுவிடும்.

முருங்கைக்கீரையும் தோலும் தண்டும்

மலிவில் முருங்கைக்கீரைக்கு நிகர் இல்லை. கிராமத்திலும் சிறு நகரங்களிலும் அதை விலைக்கு வாங்குகிறவர்களே குறைவு. 100 கிராம் கீரையில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது 120 மில்லிகிராம் அளவே. பாலக்கீரையிலும் தண்டுக்கீரை வகைகளிலும் கால்சியம் இருந்தாலும், அவற்றிலுள்ள ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் உடலுக்குக் கிடைப்பது குறைவு. முருங்கைக்கீரையில் அந்தத் தடை அவ்வளவாக இல்லை. பின்கட்டில் மரத்தை வைத்துக்கொண்டு, அதே இலையைக் காயவைத்துப் பொடித்து அழகான டப்பாவில் அடைத்து விற்பதை இணையத்தில் வாங்குகிறவர்களைக் கண்டால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

இதை ஆய்வதற்குத்தான் பலரும் சோம்புகிறார்கள். கொப்பை ஒரு துணியில் சுருட்டி இரவு முழுவதும் வைத்திருந்தால் காலையில் உதறும்போது இலைகள் தாமே உதிரும். வைட்டமின் சி சிறிது குறைந்தாலும், சமைக்காமலே விட்டுவிடுவதைவிட இது மேல். வாணலியில் சின்ன வெங்காயமும் கிள்ளிய வரமிளகாயும் வதங்கியதும் கழுவிய கீரையைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, அதிகம் கிளறாமல் வேகவிட வேண்டும்; கிளறக் கிளறக் கீரை உருண்டு திரளும். முன்னதாகவே மலர வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடியும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்கிவிடலாம். மீந்த கீரையைக் கேழ்வரகு மாவில் பிசைந்து அடையாகத் தட்டினால் இரவுச் சாப்பாடு ஆயிற்று.

குப்பைக்குப் போகும் பகுதிகளைச் சமையலுக்குத் திருப்புவது மலிவுச் சமையலின் இன்னொரு பாதி. பீர்க்கங்காயின் மேலுள்ள கூரிய நரம்புகளைச் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலை எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், சிறு உருண்டைப் புளி, உப்பு ஆகியவற்றோடு கொரகொரப்பாக அரைத்தால் சோற்றில் பிசைந்து சாப்பிட ஒரு துவையல் கிடைக்கும். சௌசௌவின் தோலுக்கும் இதே வழிதான். முள்ளங்கியின் மேலிருக்கும் இலையையும் பீட்ரூட்டின் இலையையும் கடைக்காரர் கிள்ளி எறியுமுன் கேட்டு வாங்கிக்கொண்டால், கிழங்கின் விலையில் கீரையும் சேர்ந்துவிடும். தோலோடு சமைக்கும் காய்களைப் பூச்சிமருந்து எச்சத்துக்காக ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதில் மட்டும் கவனம் குறையக் கூடாது.

யாருக்கு எச்சரிக்கை தேவை

இங்கே சொன்னதெல்லாம் பொதுவாக உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கானது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், காயை நீரில் வேகவைத்து வடிப்பதே அவர்களுக்குச் சரியான முறை. மற்றவர்கள் தவிர்க்க வேண்டிய இழப்பு அவர்களுக்குத் தேவையான இழப்பு. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் பாலக்கீரை, தண்டுக்கீரை விஷயத்தில் இது பொருந்தும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், ஒரே சீரான அளவில் சாப்பிட்டு, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். உப்பு எல்லோருக்கும் பொதுவானது: நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

சந்தையிலிருந்து அடுப்புக்கு

பருவத்தில் விளைவதை வாங்குவதே மலிவுக்கு முதல் வழி. தையில் அவரையும் மொச்சையும், பங்குனி சித்திரையில் முருங்கைக்காயும் வெள்ளரியும் தாமாகவே விலை இறங்கும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. விளைவித்தவரே விற்பதாலும், அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதாலும், புதிதாகக் காய் வாங்கப் பழகுகிறவர் ஏமாறுவதற்கு அங்கே வாய்ப்புக் குறைவு. அங்கே காலையில் சீக்கிரம் போனால்தான் கீரை வாடாமல் கிடைக்கும். மற்றச் சந்தைகளில் அந்தி நேரத்தில் மிஞ்சியதைக் கூறாக்கித் தள்ளிவிடுவார்கள். அன்றிரவே சமைத்துவிடும் எண்ணம் இருந்தால் கூறு வாங்கலாம், வைத்திருந்து சமைப்பதற்கு அது உதவாது.

ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர் சமைக்கும் வரிசையை வாங்கும்போதே முடிவு செய்துகொண்டால் எதுவும் அழுகாது. கீரை அன்றைக்கே, அல்லது மறுநாள் காலையில் அடுப்பேற வேண்டும். வெண்டைக்காய், கத்தரிக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் ஆகியவை அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் தீர வேண்டும். அவரை, பீன்ஸ், கொத்தவரை ஆகியவற்றை ஈரமின்றித் துணிப்பையில் சுற்றி வைத்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கும். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ ஆகியவற்றை வாரக் கடைசிக்கு ஒதுக்கலாம். வெட்டாத பறங்கிக்காயும் பூசணியும் சேனையும் காற்றோட்டமான மூலையில் வாரக்கணக்கில் கிடக்கும். வெட்டிவிட்டாலோ பறங்கியையும் பூசணியையும் விதைப்பகுதியை உடனே வழித்தெடுத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் கூட்டாகவோ குழம்பாகவோ முடித்துவிட வேண்டும்.